எதை நம்பி அந்த பிட்டை மிச்சம் பிடித்தார்கள்?

சேனல் பின்னூட்டம் (சிக்னல் தன்னிடம் எப்படி வந்து சேர்கிறது என்று போன் திருப்பிச் சொல்வது) பற்றிய காப்புரிமை ஒன்றைச் செல்லாததாக்க முயலும் தரப்பின் மனு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "பின்னூட்டத்துக்குச் செலவாகும் பிட்களைக் குறைக்க வேண்டும் என்பது துறையில் எல்லோரும் அறிந்த தேவை. ஆகவே துறை தெரிந்த ஒருவருக்கு இந்த வழி இயல்பாகவே தோன்றியிருக்கும்." இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. முதல் வாக்கியம் முழு உண்மை. ஆனால் இரண்டாவது வாக்கியம் அதிலிருந்து பிறக்கவில்லை. பிட்களைக் குறைக்கும் ஆசை 1999இல் இருந்தது, 2008இல் இருந்தது, இன்றும் இருக்கிறது. நல்ல யோசனை, சாதாரண யோசனை, யாருக்கும் தோன்றாத யோசனை எல்லாவற்றுக்கும் பின்னால் அதே ஆசைதான் நிற்கிறது. அதை மட்டும் காட்டிவிட்டு "பார், எளிதில் தோன்றக்கூடியது, காப்புரிமைக்குத் தகுதியில்லை" என்று முடிப்பது மதிப்பீடு ஆகாது.

சட்டம் அந்த வாதத்தை அடியோடு ஒதுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் இன்டெல், குவால்காம் இடையிலான ஒரு வழக்கில் காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரிக்கும் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம், ஒரு காரணம் பொதுவானது என்பதற்காகவே அதைச் சந்தேகிக்கத் தேவையில்லை என்றது. சரி, ஒப்புக்கொள்கிறேன். பொதுவான காரணம் கதவைத் திறக்கலாம். திறந்த கதவுக்குப் பின்னால் நூறு பாதைகள் இருக்கும்போது, ஏன் இந்தப் பாதை என்ற கேள்வி அப்படியே மிச்சமிருக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே போகும் அலையும் கீழே வரும் அலையும் வேறு வேறு அதிர்வெண்ணில் இருந்தால், தான் அனுப்பும் சிக்னல் போனிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது செல்போன் கோபுரமான பேஸ் ஸ்டேஷனுக்குத் தெரியாது. போன்தான் அளந்து சொல்ல வேண்டும். 4ஜித் தரநிலையான எல்டிஇயில் அது மூன்று விஷயங்களைச் சொல்கிறது. தரவுத் தொகுதிப் பிழை 10 சதவீதத்தைத் தாண்டாமல் எந்த வேகம் வரை தாங்கும் என்பது சிக்யூஐ. எந்த ஆன்டெனா எடைகளைப் போட்டால் நல்லது என்பது பிஎம்ஐ. எத்தனை அடுக்குகளை ஒரே நேரத்தில் அனுப்பலாம் என்பது ஆர்ஐ. இதையெல்லாம் சொல்வதற்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. 3ஜியின் முதல் வெளியீட்டில் இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையிலான கட்டத்தை, அதாவது அலை தன் சுழற்சியில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை (phase), சரிசெய்ய ஒரு ஸ்லாட்டுக்கு (சிறு நேரத்துண்டுக்கு) ஒரு பிட், நொடிக்கு 1500 பிட். 3ஜியை வேகமாக்கிய எச்எஸ்டிபிஏ வந்தபோது சிக்யூஐக்கு 5 பிட். எல்டிஇயில் சிக்யூஐ 4 பிட். நான்கு ஆன்டெனாக்களுக்கான பிஎம்ஐயும் 4 பிட், அதாவது 16 மேட்ரிக்ஸ்கள் கொண்ட ஒரு கோட்புக் (இரு பக்கமும் முன்பே வைத்திருக்கும் பட்டியல்; எண்ணை மட்டும் சொன்னால் போதும்). 5ஜியின் நுணுக்கமான வகையான டைப் 2 கோட்புக்கில் ஓர் அறிக்கை சில நூறு பிட்களைத் தொடும். இவ்வளவு நெருக்கடியான இடம் என்பதால்தான் ஒவ்வொரு பிட்டுக்கும் காப்புரிமை போட்டி போடுகிறது.

சட்டத்தின் அளவுகோல்களில் நிறையப் பேசப்பட்டவற்றைத் திரும்பச் சொல்லி நீட்ட மாட்டேன். அமெரிக்காவில் காப்புரிமைச் சட்டத்தின் 103ஆம் பிரிவு, உச்ச நீதிமன்றத்தின் 1966 கிரஹாம் தீர்ப்பு, 2007 கேஎஸ்ஆர் தீர்ப்பு. ஐரோப்பாவில் காப்புரிமை உடன்படிக்கையின் 56ஆம் விதி. மிக நெருங்கிய முந்தைய ஆவணத்தை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து என்ன சிக்கல் தீர்க்கப்பட்டது என்று கேட்கும் முறை. இந்தியாவில் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 2(1)(ஜேஏ): தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருக்க வேண்டும், துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். மூன்றும் அஞ்சுவது ஒன்றைத்தான்: விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வியைப் பார்ப்பது. ஐரோப்பிய மேல்முறையீட்டு வாரியத்தின் டி 2/83 முடிவு இதை அழகாகப் பிரித்தது. துறை தெரிந்தவர் இப்படிச் செய்திருக்க முடியுமா என்பது பெரிதல்ல. செய்திருப்பாரா என்பதே கேள்வி.

விடை தெரிந்த கண்ணால் பார்க்கும் ஆபத்து இந்தத் துறையில் மற்ற இடங்களைவிட அதிகம் என்பது என் எண்ணம். இங்கே பயன்படும் கணிதம் பழையது. குவாண்டைஸ் செய்வது (தொடர் மதிப்பைச் சில படிகளாக மாற்றுவது), வித்தியாசத்தை மட்டும் அனுப்புவது, சராசரி எடுப்பது, ஃபூரியே உருமாற்றம் செய்வது (ஒரு வரிசையை அலைகளின் கூட்டாகப் பிரிப்பது) எல்லாமே பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. அதனால் எந்தக் கண்டுபிடிப்பையும் "தெரிந்த கருவியைத் தெரிந்த இடத்தில் வைத்தார்கள்" என்று ஒரே வரியில் சுருக்கிவிடலாம். அந்தச் சுருக்கத்தில் சிக்காமல் இருக்க நான் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்கிறேன். ஒரு பிட்டை அனுப்பாமல் விட்டார்கள் என்றால், அது இல்லாமலே மறுபக்கம் சமாளிக்கும் என்று எதை நம்பி விட்டார்கள்? நேரத்தில் சேனல் மெதுவாக மாறும் என்பதையா, பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்கள் ஒத்திருக்கும் என்பதையா, கதிர்கள் சில திசைகளில் மட்டுமே வரும் என்பதையா, அல்லது பேஸ் ஸ்டேஷன் அந்தத் தகவலை எப்படியும் பயன்படுத்தாது என்பதையா? அந்த நம்பிக்கையை அதற்கு முன் யார் எழுதினார்கள், எழுதியவர்கள் அதை வைத்து எந்தத் திசையில் போனார்கள் என்பதைத் தேடினால் மதிப்பீட்டில் முக்கால்வாசி முடிந்துவிடும்.

எல்டிஇயின் சிக்யூஐயை நெருங்கிப் பார்க்கலாம். 10 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 50 ரிசோர்ஸ் பிளாக்குகள், அதாவது பகிர்ந்துகொடுக்கும் சிறு துண்டுகள். பேஸ் ஸ்டேஷன் சப்பேண்ட் வாரியாக அறிக்கை கேட்டால் ஆறு பிளாக்குக்கு ஒரு சப்பேண்ட், ஆக ஒன்பது சப்பேண்டுகள். ஒவ்வொன்றுக்கும் 4 பிட் என்றால் 36. எல்டிஇ அப்படிச் செய்யவில்லை. மொத்த அலைவரிசைக்கும் ஒரு 4 பிட் மதிப்பு, அதன்மேல் ஒவ்வொரு சப்பேண்டுக்கும் 2 பிட் வித்தியாசம்: ஆக 22. வித்தியாசத்தை அனுப்பும் யோசனைக்குக் காப்புரிமை கேட்டால் நான் இரண்டு நிமிடத்தில் மறுத்துவிடுவேன். பெல் ஆய்வகத்தின் கட்லர் 1950இலேயே அதற்கு விண்ணப்பித்துவிட்டார். பேச்சுக் குறியீட்டில் அது அரிச்சுவடி.

ஆனால் அந்த 2 பிட் அட்டவணையைக் கவனியுங்கள். நான்கு மதிப்புகள்: 0, +1, +2 அல்லது அதற்கு மேல், −1 அல்லது அதற்குக் கீழ். சமச்சீராக இல்லை. மேல்பக்கம் இரண்டு படிகள், கீழ்ப்பக்கம் ஒன்றே ஒன்று. போன் தானே சிறந்த சப்பேண்டுகளைத் தேர்ந்து சொல்லும் வகையில் இந்தச் சாய்வு இன்னும் கூடுகிறது: 1 அல்லது அதற்குக் கீழ், 2, 3, 4 அல்லது அதற்கு மேல். கீழ்ப்பக்கத்துக்குத் தனி இடமே இல்லை. ஏன்? சிறந்தவற்றின் சராசரி மொத்தச் சராசரிக்குக் கீழே போக வழியில்லை. முதல் அட்டவணையின் சாய்வுக்கு வேறு காரணம்: மோசமான சப்பேண்டில் எந்த போனுக்கு எந்த இடம் என்று முடிவெடுக்கும் ஷெட்யூலர் இந்த போனுக்கு இடமே கொடுக்காது. எவ்வளவு மோசம் என்பதை நுணுக்கமாகச் சொல்வது வீண்.

இந்தச் சாய்வு எளிதில் தோன்றக்கூடியதா? இங்கே நம்பிக்கை சேனலைப் பற்றியது அல்ல, கேட்பவர் என்ன செய்வார் என்பதைப் பற்றியது. ஆய்வாளர்கள் நாப், ஹம்ப்ளெட் 1995இலேயே, அந்தந்த நேரத்தில் சேனல் நன்றாக இருக்கும் பயனருக்கே இடத்தைக் கொடு என்று காட்டிவிட்டார்கள். கெஸ்பெர்ட், அலூனி 2004இல் ஒரு படி மேலே போய், ஒரு வரம்புக்குக் கீழே இருக்கும் பயனர் அறிக்கையே அனுப்ப வேண்டாம் என்றார்கள். பலவீனமான நிலையைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை என்ற பாடம் முழுமையாக அங்கே இருக்கிறது. மதிப்பு எங்கே முக்கியமோ அங்கே படிகளை நெருக்கமாக வை என்பது லாய்ட், மேக்ஸ் காலத்துக் குவாண்டைசர் பாடம். இந்த மூன்றையும் இணைக்க, துறை தெரிந்தவர் தன் வழியிலிருந்து விலக வேண்டியதில்லை. எனவே சாய்ந்த அட்டவணை என்று மட்டும் கோரும் க்ளெய்ம் (காப்புரிமை கேட்கும் உரிமைக்கோரிக்கை) என் பார்வையில் நிற்காது. இந்த முடிவுக்கு வரும்போது "பிட்களைக் குறைக்கும் ஆசை" என்ற சொல்லே எனக்குத் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதைவிடக் கடினமானது 5ஜித் தரநிலையின் 16ஆம் வெளியீட்டில் வந்த டைப் 2 மேம்பாடு. அதற்கு முந்தைய 15ஆம் வெளியீட்டில் போன் சில பீம்களை, அதாவது அலையைக் குவிக்கும் திசைகளை, தேர்ந்தெடுத்து, அவற்றை எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்ற குணகங்களை ஒவ்வொரு சப்பேண்டுக்கும் தனித்தனியாக அனுப்பியது. அங்கேதான் பிட்கள் கொள்ளை போயின. 16ஆம் வெளியீடு அந்தக் குணகங்களை அதிர்வெண் அச்சில் வரிசையாக நிறுத்தி, ஃபூரியே உருமாற்றம் செய்து, பெரிய சில எண்களை மட்டும் அனுப்பச் சொன்னது.

எதிர்ப்பவர் சொல்வது இது: சேனலின் எதிரொலிகள் சில தாமதங்களில்தான் வருகின்றன, ஆகவே அதிர்வெண் அச்சில் உருமாற்றம் செய்தால் சில எண்களே பெரிதாக இருக்கும், இது ஓஎஃப்டிஎம் (அலைவரிசையைப் பல சிறு அதிர்வெண்களாகப் பிரித்து அனுப்பும் முறை) சேனல் மதிப்பீட்டில் 1990களிலிருந்தே தெரியும். உண்மைதான். ஆனால் போன் இங்கே அனுப்புவது சேனலை அல்ல. சேனலிலிருந்து கணக்கிட்ட ஐகன்வெக்டரை, அதாவது சிக்னல் மிக வலுவாகச் சேரும் ஆன்டெனா எடைகளின் வரிசையை. ஐகன்வெக்டரை எந்தக் கட்டத்தில் சுழற்றினாலும் அது அதே ஐகன்வெக்டர்தான். ஒவ்வொரு சப்பேண்டிலும் கணினி தன்னிச்சையாக ஒரு கட்டத்தோடு விடையைத் தரும். சேனல் வழவழவென்று மாறினாலும், பக்கத்துப் பக்கத்து ஐகன்வெக்டர்கள் தாறுமாறாகக் குதிக்கலாம். குதிக்கும் வரிசையை உருமாற்றம் செய்தால் எதுவும் சுருங்காது. சேனலுக்குப் பொருந்தும் நம்பிக்கை ஆன்டெனா எடைகளான பிரீகோடருக்குத் தானாகப் பொருந்தாது என்பதால், இங்கே ஒரு மறைந்த சிக்கல் இருக்கிறது. அதைக் கண்டுகொண்டதே கண்டுபிடிப்பு என்று காப்புரிமைதாரர் வாதிடலாம். நல்ல வாதம். சிக்கலைக் காண்பதிலேயே புதுமை இருக்கலாம் என்பதைச் சட்டமும் ஏற்கிறது.

ஆனால் 2005இல் சோய், ஹீத் இருவரும் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். பல ஆன்டெனா (மைமோ) ஓஎஃப்டிஎம்மில் சில அதிர்வெண்களுக்கு மட்டும் பீம் வெக்டரை அனுப்பி, நடுவில் உள்ளவற்றைப் பேஸ் ஸ்டேஷனே இடைச்செருகிக் கொள்ளும் முறை. அங்கே இதே கட்டத் தொல்லையைச் சந்தித்து, அதற்காகவே ஒரு கட்ட அளவுருவைச் சேர்த்து அனுப்பினார்கள். ஆக சிக்கல் மறைந்து கிடக்கவில்லை. 16ஆம் வெளியீட்டுக்குப் பல ஆண்டுகள் முன்பே பெயர் சொல்லி மேசைமேல் வைக்கப்பட்டுவிட்டது. "கட்டத்தைச் சீராக்கி, பிறகு உருமாற்றம் செய்து சுருக்குதல்" என்ற பரந்த க்ளெய்முக்கு இந்தக் கட்டுரை பெரிய முட்டுக்கட்டை.

இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். 16ஆம் வெளியீட்டில் இன்னொரு நுணுக்கம் உண்டு. எல்லாவற்றிலும் பெரிய குணகம் எது என்று போன் சொல்ல வேண்டும். அது தாமத அச்சில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் தாமத அச்சில் எல்லாவற்றையும் சுழற்றி அந்தக் குணகத்தைப் பூஜ்ஜிய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு சப்பேண்டின் வெக்டரும் ஒரு பொதுக் கட்டத்தால் சுழலும், அவ்வளவுதான். அந்தக் கட்டம் எப்படியும் கட்டற்றது. பிரீகோடரின் பயன் மாறாது. ஆக, இடத்தைச் சொல்லும் பிட்களை அப்படியே விட்டுவிடலாம். சோய், ஹீத் கட்டுரையில் அதே கட்டற்ற தன்மை சரிசெய்ய வேண்டிய தொல்லை. அதற்காகக் கூடுதல் பிட்கள் செலவழிந்தன. இங்கே அதுவே மிச்சமாகிறது. அந்தக் கட்டுரை இந்த வழியை விலக்கிப் பேசியது என்று நான் சொல்ல மாட்டேன். 2004இன் ஃபுல்டன் தீர்ப்புப்படி, வேறு வழியைக் காட்டுவது மட்டுமே விலக்குவது ஆகாது, குறை சொல்லியோ ஊக்கம் கெடுத்தோ இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கட்டுரையைப் படித்து முடித்த பொறியாளர் எந்தத் திசையில் நடந்துகொண்டிருப்பார் என்று கேட்டால், இதற்கு நேரெதிர்த் திசையில் என்றுதான் தோன்றுகிறது. இந்த ஒரு படிக்காக மட்டும் ஒரு க்ளெய்ம் வந்திருந்தால், புதிய ஆவணம் எதுவும் கிடைக்காதவரை நான் அதன் பக்கம் நிற்பேன்.

சிமுலேஷன் மலிவு என்ற வாதமும் அடிக்கடி வரும். நிரலை ஓட்டினால் ஒரே இரவில் முடிவு தெரிந்துவிடும், ஆகவே வெற்றி பெறும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு எப்போதும் உண்டு என்பார்கள். ஓட்டிப் பார்ப்பது மலிவுதான். எதை ஓட்டிப் பார்ப்பது என்ற முடிவு மலிவல்ல. கேஎஸ்ஆர் தீர்ப்பு முயன்று பார்க்கத் தோன்றக்கூடியது என்று சொன்னபோதுகூட, ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட, எண்ணிக்கையில் அடங்கிய, முடிவைக் கணிக்கக்கூடிய வழிகளைப் பற்றித்தான் சொன்னது. கோட்புக் வடிவமைப்பில் வழிகள் அப்படி எண்ணி அடங்குவதில்லை.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். மற்றத் துறைகளில் முந்தைய ஆவணம் என்றால் ஆண்டுக் கணக்கு. இங்கே நாள் கணக்கு, சில நேரம் மணிக் கணக்கு. செல்போன் தரநிலைகளை எழுதும் 3ஜிபிபி அமைப்பின் கூட்டங்களுக்கு முன் நிறுவனங்கள் தங்கள் முன்மொழிவுகளைப் பொதுச் சர்வரில் ஏற்றுகின்றன. யாரும் கடவுச்சொல் இல்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அவற்றை ஏற்றுவதற்கு முன்பே தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிடுவது வழக்கம். ஆகவே போட்டி நிறுவனத்தின் ஜிப் கோப்பு ஏறிய நேரமா, இவர்கள் முதலில் விண்ணப்பித்த முன்னுரிமைத் தேதியா, எது முந்தியது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஆவணத்தின் முகப்பில் இருக்கும் கூட்டத் தேதியை நம்பிவிடக் கூடாது; ஏற்றிய நேரம் வேறாக இருக்கும். யாராவது உண்மையில் படித்தார்களா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அக்கறையுள்ளவர் நியாயமான முயற்சியில் அதை அடைந்திருக்க முடியுமா என்பதே கேள்வி என்று, வீடியோத் தரநிலைக் குழுவின் ஆவணம் ஒன்றைப் பற்றிய சாம்சங்–இன்ஃபோபிரிட்ஜ் வழக்கில் 2019இல் ஃபெடரல் சர்க்யூட் சொன்னது.

ஒரே கூட்டத்துக்கு நாலைந்து நிறுவனங்கள் கிட்டத்தட்ட ஒரே யோசனையோடு வந்தால், அது துறையின் பொதுத் திறனுக்குள் இருந்தது என்பதற்கு நல்ல அடையாளம். ஆனால் இங்கே நிதானம் வேண்டும். முந்தைய கூட்டத்தில் ஒரு நிறுவனம் வைத்த யோசனையைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் அடுத்த கூட்டத்தில் தங்கள் வடிவத்தோடு வருவது இந்தக் குழுக்களில் அன்றாடம். அது ஒரே நேரத்தில் பலருக்குத் தோன்றியது ஆகாது. ஒருவருக்குத் தோன்றியதைப் பலர் கற்றுக்கொண்டது. கூட்ட அறிக்கைகளை முந்தைய இரண்டு மூன்று கூட்டங்கள் வரை பின்னோக்கிப் புரட்டாமல் இதைச் சொல்லவே முடியாது. அந்த உழைப்பைச் செய்யாமல் "பலரும் முன்மொழிந்தனர்" என்று எழுதும் அறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. "எங்கள் தொழில்நுட்பம் தரநிலையில் ஏற்கப்பட்டது, கோடிக்கணக்கான போன்களில் இருக்கிறது, அதனால் எளிதில் தோன்றாதது" என்று காப்புரிமைதாரர் சொல்வார். வணிக வெற்றிக்கும் கண்டுபிடிப்புக்கும் நேரடித் தொடர்பு வேண்டும். தரநிலையில் எழுதிவிட்டால் எல்லாரும் பயன்படுத்தியே ஆக வேண்டும். அந்தக் கோடிகள் தரநிலையின் வெற்றி, க்ளெய்மின் வெற்றி அல்ல. குழுவில் ஏற்பு என்பது பல நேரம் பேரம். எனக்கு அதைவிட எடை உள்ளதாகத் தோன்றுவது நிராகரிப்பு. ஒரு யோசனை முதலில் வந்தபோது, இது வேலை செய்யாது, பிழை பெருகும் என்று மற்ற நிறுவனங்கள் எழுத்தில் எதிர்த்திருந்து, பிறகு அதையே ஏற்றிருந்தால், அது துறை தெரிந்தவர்களின் அன்றைய மனநிலைக்கு நேரடிச் சாட்சி. அத்தகைய ஆவணத்தைத் தேடி எடுப்பது காப்புரிமைதாரரின் வழக்கறிஞர் செய்யும் மிகப் பயனுள்ள வேலை.

தேடலின் எல்லையைப் பற்றியும் ஒன்று. எல்டிஇயின் 10ஆம் வெளியீட்டில் எட்டு ஆன்டெனாக்களுக்கு இரட்டைக் கோட்புக் வந்தது: மெதுவாக மாறும் பகுதிக்கு ஒரு மேட்ரிக்ஸ், வேகமாக மாறும் பகுதிக்கு இன்னொன்று. எல்டிஇ ஆவணங்களுக்குள்ளேயே தேடுபவருக்கு இது திடீரென்று முளைத்தது போலத் தெரியும். ஆனால் 2000களின் தொடக்கத்தில் 3ஜியின் டபிள்யூசிடிஎம்ஏ முறைக்காக ஆராயப்பட்ட ஐகன்பீம் முறையில், நீண்டகாலப் பீம்களை மெதுவாகவும் அவற்றுக்குள் தேர்வை வேகமாகவும் அனுப்பும் பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. தலைமுறை மாறினால் அறிவு அழிந்துவிடாது. 4ஜி க்ளெய்முக்கு 3ஜி ஆவணத்தையும் 5ஜி க்ளெய்முக்கு வைஃபை ஆவணத்தையும் பார்ப்பது பரிசோதகரின் கடமை.

இப்போது மேசைக்கு வருபவை நியூரல் நெட்வொர்க் வழிப் பின்னூட்டங்கள். போனில் சுருக்கும் என்கோடர், பேஸ் ஸ்டேஷனில் விரிக்கும் டிகோடர், நடுவில் சுருங்கிய சில பிட்கள். வென், ஷி, ஜின் மூவரும் சிஎஸ்ஐநெட் என்ற பெயரில் இதை 2018இல் வெளியிட்டுவிட்டார்கள். அதற்குப் பிந்தைய தேதியில், நெட்வொர்க்கின் அடுக்குகளை மட்டும் மாற்றிக் கோரும் க்ளெய்ம்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் போனைச் செய்பவர் ஒருவர், பேஸ் ஸ்டேஷனைச் செய்பவர் இன்னொருவர். இருவரும் தங்கள் மாடலை மற்றவருக்குக் காட்ட விரும்பாதபோது இரண்டு பாதிகளும் பொருந்தும்படி எப்படிப் பயிற்றுவிப்பது? 3ஜிபிபியின் 18ஆம் வெளியீட்டு ஆய்வு ஒரே இடத்தில் பயிற்சி, இருவரும் சேர்ந்து பயிற்சி, தனித்தனியாகப் பயிற்சி என்று மூன்று வகைகளை வரிசைப்படுத்தியது. தனித்தனிப் பயிற்சியில் என்ன தரவை எந்த வடிவில் கைமாற்றினால் மாடல் வெளியே தெரியாமல் பொருத்தம் கெடாது என்று சொல்லும் க்ளெய்ம் வந்தால், நான் இயந்திரக் கற்றல் இதழ்களை மட்டும் புரட்ட மாட்டேன். இரு தரப்பும் எதைப் பகிராமல் விட்டார்கள், விட்டும் மறுபக்கம் சமாளிக்கும் என்று எதை நம்பினார்கள் என்று முதலில் குறித்துக்கொள்வேன். பிறகு முன்னுரிமைத் தேதிக்கு முந்தைய கூட்டங்களின் கோப்புகளை, ஏற்றிய நேரத்தின் வரிசையில், ஒவ்வொன்றாகத் திறப்பேன்.